வீட்டில் இரண்டு சமயப் புத்தகம்: சைவநெறி 10, 11 பாடநூல்கள் பற்றி

தோத்திரத் திரட்டு இல்லாத சைவ வீட்டிலும் சைவநெறிப் பாடநூல் ஒன்று இருக்கும். 1980 முதல் இலங்கை அரசாங்கம் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிட்டு அனுப்ப, பள்ளிக்கூடத்தின் வழியாகப் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். காசு கொடுத்து வாங்கும் ஆங்கில இலக்கணப் புத்தகத்துக்கு நாலு பேரிடம் அபிப்பிராயம் கேட்கும் பெற்றோர், இந்தப் புத்தகம் எப்படி என்று ஒருவரிடமும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

11ஆம் தர முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரச் சோதனையில் (ஓ.எல்.) சமயம் கட்டாய பாடம். முதல்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, சமயம் ஆகிய ஆறும் எல்லாருக்கும் பொது; மிச்சம் மூன்றைத்தான் பிள்ளை தெரிவு செய்யலாம். சமயத்துக்குள்ளே பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று ஐந்து பாடம் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒன்றும் வேண்டாம் என்ற தெரிவு கிடையாது. ஆகவே, இந்தப் புத்தகம் நல்லதா என்று கேட்பதும், அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சமயம் படிப்பிக்கலாமா என்று கேட்பதும் எனக்கு ஒரே கேள்விதான்.

நான் மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பக்கத்தில் கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, பிரிண்ட், லமினேட்டிங், கொப்பி, பேனை. சோதனைக் காலத்தில் ஐந்து சமயத்தின் நோட்ஸும் என் மெசினுக்குள்ளால் போய் வரும். நான் சைவம், கணவர் கத்தோலிக்கர். எங்கள் ஊரில் இது புதினமான விசயமில்லை. இரண்டு பக்கத்துச் சொந்தமும் கந்தசஷ்டிக்கும் நத்தாருக்கும் வந்து போகும். மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம், அவன் கத்தோலிக்கம் படித்து ஓ.எல். எழுதிவிட்டான். மகள் என்னோடு கோயிலுக்கு வந்து பழகியவள், இப்போது 11ஆம் தரத்தில் சைவநெறி படிக்கிறாள். அதனால் எங்கள் மேசையில் இரண்டு புத்தகமும் இருக்கின்றன. இரண்டையும் முதல் பக்கம் தொட்டுக் கடைசிப் பக்கம் வரை வாசித்திருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது.

மகளுக்குக் கிடைத்த 10ஆம் தர நூல் ஏற்கனவே ஒரு பிள்ளை பாவித்தது. மட்டை மூலை மடிந்து, முதுகுப் பக்கம் செலோடேப் ஒட்டியிருந்தது. உள்ளே அந்தப் பிள்ளையின் பென்சில் குறிப்புகள். அப்பர் சுவாமிகளின் ‘மாசில் வீணையும்’ தேவாரத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘சூளைக்குள்ள இருந்து பாடினது!’ என்று எழுதி, அந்த ஆச்சரியக் குறியை இரண்டு முறை அழுத்திப் போட்டிருந்தது. பல்லவ மன்னன் நீற்றறைக்குள், அதாவது சுண்ணாம்புச் சூளைக்குள், அடைத்து வைத்தபோது, வீணையின் ஒலியும் மாலை நிலவும் வீசுகிற தென்றலும் இளவேனிலும் வண்டு சுற்றும் பொய்கையும் போலக் குளிர்ந்தது இறைவன் நிழல் என்று ஒருவர் பாடியிருக்கிறார். பதினைந்து வயதில் அதை வாசித்து ஒரு பிள்ளை திடுக்கிட்டிருக்கிறது. தமிழ் இலக்கியப் புத்தகமும் இதைச் செய்யலாம், ஆனால் இங்கே அது பண்ணோடு, பாடியவரின் வாழ்க்கையோடு, பாடிய இடத்தோடு வருகிறது. மகள் அந்தப் பாட்டை மனப்பாடமாகப் பாடுவாள், பொருளும் சொல்வாள். எனக்கு இந்த வயதில்தான் பொருள் முழுக்கத் தெரிந்தது, அதுவும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப் புத்தகத்தைப் பிரித்ததால்.

ஈழத்துத் தலங்கள் பற்றிய பகுதிகளும் எனக்குப் பிடித்தவை. திருக்கோணேச்சரம், திருக்கேதீச்சரம், முன்னேச்சரம், நகுலேச்சரம் என்று இந்த மண்ணில் இருக்கிற கோயில்களைப் பிள்ளை அறிகிறது. சம்பந்தர் கோணமாமலையைப் பாடினார், கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடினார்கள் என்பது, வருசம் ஒரு தடவை பஸ் பிடித்துத் திருகோணமலைக்குப் போய்வரும் பிள்ளைக்குச் சின்ன விசயமில்லை. தான் நிற்கும் கல்லைப் பற்றி ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்திய பாட்டு ஒன்று உண்டு என்று அதற்குத் தெரியும்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிக் கொடுக்கலாமே, பள்ளிக்கூடம் எதற்கு என்று என் கணவர் கேட்பார். அவருடைய கட்சி அதுதான்: பள்ளிக்கூடத்தில் கணக்கும் விஞ்ஞானமும் இருக்கட்டும், சமயத்தைக் கோயிலும் தேவாலயமும் பார்த்துக்கொள்ளும். நான் ஒத்துக்கொள்வதில்லை. கடைக்கு வாவியின் மேற்குப் பக்கத்துப் படுவான்கரையில் இருந்து வரும் தாய்மார் இருக்கிறார்கள், விடிய வயலுக்குப் போய்ப் பொழுதுபட வருபவர்கள். பிள்ளைக்குத் தேவாரத்தின் பொருள் சொல்ல அவர்களுக்கு நேரமும் இல்லை, பலருக்கு வாசிப்பும் இல்லை. எல்லா ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பு ஒழுங்காக நடப்பதும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அப்பரும் காரைக்கால் அம்மையாரும் கிடைப்பது பள்ளிக்கூடத்தால் மட்டும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு, அது எனக்கு இதைவிடப் பெரியது. அரசாங்கப் பாடநூலில் அச்சான சமயம் எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது. திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஐந்து சமய நூல்களையும் யாரும் இறக்கி வாசிக்கலாம், பிழை இருந்தால் கேட்கலாம். மூடிய அறைக்குள் நடக்கும் வகுப்பில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாது. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த ஊர் இது. ஞாயிறு பாடசாலைக்குப் போன சின்னப் பிள்ளைகள் அதில் இறந்தார்கள். அதற்குப் பிறகு, சமயம் எங்கே, யாரால், எந்தப் புத்தகத்தை வைத்துப் படிப்பிக்கப்படுகிறது என்பது எனக்குச் சும்மா கேள்வியாக இல்லை. வெளிச்சத்தில் படிப்பிப்பதுதான் நல்லது என்றே நினைக்கிறேன்.

சரி, இனி குறைகள்.

சமயம் சோதனைக்குரிய பாடமாக இருப்பதால் புத்தகமும் சோதனைக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. பதி, பசு, பாசம் வருகிறது. ஆணவம், கன்மம், மாயை வருகிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் வரைவிலக்கணம், வகை, உதாரணம். சைவ சித்தாந்தம் சின்ன விசயமில்லை. பெரியவர்கள் ஆயுள் முழுக்க இருந்து யோசித்தது. அதை ஒரு பிள்ளை ஒன்றரைப் பக்கத்தில் பாடமாக்கி, நாலு புள்ளிக்கு எழுதிவிட்டு, மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது மறந்துவிடுகிறது. சோதனைக்கு முந்திய கிழமை என் கடையில் வந்து பாருங்கள். ரியூசன் சேர் கொடுத்த நோட்ஸைச் சின்னதாக்கி, ஏ4 ஒன்றில் நாலு பக்கம் வருகிற மாதிரி அடித்துத் தரச் சொல்லிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஆணவத்தின் இயல்பு இரண்டு, பஞ்சகிருத்தியம் ஐந்து, திருமுறை பன்னிரண்டு, நாயன்மார் அறுபத்துமூவர். எல்லாம் எண்ணிக்கை. கத்தோலிக்கப் பிள்ளைகளின் நோட்ஸும் அப்படித்தான்: அருட்சாதனங்கள் ஏழு, தூய ஆவியின் கொடைகள் ஏழு. சமயம் மாறினாலும் நோட்ஸின் வடிவம் மாறுவதில்லை.

‘சமயத்தில ஏ எடுக்கலாம்’ என்பது பிள்ளைகளின் பேச்சு. மற்றப் பாடங்கள் கைவிட்டாலும் சமயம் கைவிடாது, பெறுபேற்றில் ஒரு ஏ கூடும், அவ்வளவுதான். அதனால் ஏன் என்று கேட்கும் கேள்விக்கு வகுப்பில் நேரமில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். திருநாளைப்போவார் நாயனாரின், அதாவது நந்தனாரின் கதை. புலைப்பாடியில் பிறந்தவர், தில்லைக்குப் போக ஆசைப்பட்டு நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்றே இருந்தவர், கடைசியில் தீயில் மூழ்கி எழுந்துதான் உள்ளே போகிறார். மகள் இதைப் படித்துவிட்டு, “அவர் ஏம்மா நெருப்புக்குள்ள இறங்கினவர்? மற்றவங்க சும்மாதானே உள்ளுக்குப் போனவங்க?” என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரலாம். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்து, கோயிலில் ஒருவரைச் சாதி சொல்லித் தடுப்பது குற்றம் என்றான பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடு என்று கேட்டு மக்கள் நிற்க வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நந்தனாரின் பக்தியைப் பாடமாக்கும் பிள்ளை மாவிட்டபுரத்தையும் அறிந்தால்தான் அந்தக் கதை அதற்கு உயிரோடு இருக்கும். மகளுடைய நூல் அந்தப் பக்கம் போகவில்லை. பக்தியால் எல்லாம் சமம் ஆனது என்று முடித்துவிட்டு அடுத்த நாயனாருக்குப் போய்விடுகிறது. ஒருவேளை வகுப்பில் நல்ல ரீச்சர் இருந்தால் சொல்வார். சொல்லக்கூடிய ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கும் பாடத்திட்டம் முடிக்கும் அவசரம்தான் பெரிது.

எங்கள் கிழக்கு மாகாணத்து வழிபாட்டுக்குக் கொடுத்திருக்கும் இடமும் போதாது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும்போது ஊரே அங்கேதான் இருக்கும். குளிர்த்திப் பாடல், வழக்குரை படிப்பு, பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு எல்லாம் இங்கே பிள்ளைகள் கண்ணால் காணும் சமயம். ஆகமக் கோயிலும் கொடியேற்றமும் தேரும் நூலில் விரிவாக வருகின்றன. பிள்ளைக்குத் தெரிந்த அம்மனின் சடங்கு ஓரத்தில் நிற்கிறது. மலையகத்துப் பிள்ளைக்கும் முனியாண்டி கோயிலைப் பற்றி இதே மனக்குறை இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் இவை எல்லாம் திருத்தக்கூடிய குறைகள். பெரிய குறை வேறு. அதை நான் புத்தகத்தை வாசித்துக் கண்டுபிடிக்கவில்லை, என் இரண்டு பிள்ளைகளும் சண்டை பிடித்துக்கொண்டதில் கண்டேன்.

மகள் திருக்கோணேச்சரம் படித்துக்கொண்டிருந்தாள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்தார்கள், அந்தக் கல்லால் கோட்டை கட்டினார்கள் என்று வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி அண்ணனைப் பார்த்தாள்.

“உங்கட ஆக்கள்தானே எங்கட கோயில இடிச்சது?”

மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “எங்கட ஆக்களா? எங்கட ஆக்கள ஒல்லாந்தன் பிடிச்சு மறியலில போட்டவன், அது தெரியுமா உனக்கு? யோசேவ்வாஸ் சாமியார் பிச்சைக்காரன் மாதிரி வேசம் போட்டுத்தான் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர்.”

“அது யாரு?”

அவளுக்கு உண்மையாகவே தெரியாது. பத்து வருசம் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சமயம் படித்த பிள்ளை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருந்து படித்தது. கோவாவில் பிறந்த யோசேவ் வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்ததும், ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலத்தில் ஒளிந்து ஒளிந்து பூசை வைத்ததும், பிறகு கண்டிக்குப் போனதும் அவள் கேள்விப்படாத கதை. கண்டியில் போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகப்பட்டு முதலில் மறியலில் போட்டார்கள். ஆனால் பௌத்த அரசனான இரண்டாம் விமலதர்மசூரியன்தான் பிறகு அவருக்கு அடைக்கலமும் கொடுத்து, சமயப் பணி செய்யவும் விட்டான். அவர் 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலுக்கு வந்து அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது மகன் ரீவிக்கு முன்னால் குந்தியிருந்தான்.

மறுபக்கம் மகனுக்கும் கோணேச்சரம் இடிபட்ட கதை சரியாகத் தெரியாது. போர்த்துக்கேயர் கொண்டுவந்த விசுவாசம் என்ற பக்கத்தில் இருந்துதான் அவன் அந்தக் காலத்தைப் படித்தான். ஒரே நூற்றாண்டு, ஒரே தீவு. கோயில் இடிபட்ட சைவர், தேவாலயம் பறிபோன கத்தோலிக்கர், இருவருக்கும் நடுவில் அடைக்கலம் கொடுத்த பௌத்த அரசன். மூன்றையும் ஒரு பிள்ளை சேர்த்துப் படித்தால் அந்தக் காலம் முழுசாகத் தெரியும். இப்போது சைவப் பிள்ளைக்குத் தன் கோயில் இடிபட்டது மட்டும் தெரிகிறது, கத்தோலிக்கப் பிள்ளைக்குத் தன் சாமியாரைத் துரத்தியது மட்டும் தெரிகிறது. இரண்டு பேருக்கும் காயம் மட்டும் பாடமாகிறது. என் பிள்ளைகள் சண்டை பிடித்து, கேட்டு, அறிந்துகொண்டார்கள். ஒரு வீடு என்பதால் முடிந்தது. வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் யாரிடம் கேட்பார்கள்?

2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முந்திய நாள், மன்னாரில் திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வீதியில் வைத்த அலங்கார வளைவு பிடுங்கி எறியப்பட்டது. வைத்தவர்கள் சைவர், பிடுங்கியவர்கள் கத்தோலிக்கர், இரண்டு பக்கமும் தமிழர். இரண்டு பக்கத்தாரும் இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் சமயம் படித்தவர்கள். அதைப் பார்த்தபோது பாடசாலைச் சமயம் எங்களுக்கு என்ன தந்திருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இலங்கைப் பாடநூல் எதை எடுத்தாலும் முதல் பக்கங்களில் தேசிய கீதமும், நாம் ஒரு தாய் மக்கள், உடலில் ஓடும் குருதியின் நிறம் ஒன்றே என்று சொல்லும் கவிதையும் இருக்கும். சைவநெறி நூலிலும் உண்டு, கத்தோலிக்க நூலிலும் உண்டு. அந்தத் தாளைப் புரட்டியதும் வகுப்பு பிரிகிறது. சமய பாடவேளை மணி அடித்தால் பிள்ளைகள் எழுந்து வேறு வேறு அறைக்குப் போகிறார்கள். கத்தோலிக்கருக்கும் மற்றக் கிறிஸ்தவர்களுக்கும்கூட வெவ்வேறு புத்தகம். ஒரு வகுப்பில் ஒரு சமயத்தவர் இரண்டு மூன்று பேர்தான் என்றால் அவர்களுக்கு ஆசிரியர் கிடைப்பது அருமை. மகன் படித்த பள்ளிக்கூடத்தில் கத்தோலிக்கத்துக்கு ஆள் இல்லாத காலத்தில் அவன் நூலகத்தில் இருந்து தானாகவே வாசித்தான், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியை வைத்துச் சமாளித்தான். அந்த நேரத்தில் அவனைச் சைவநெறி வகுப்பிலேயே இருத்தி, இவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்கவாவது விட்டிருக்கலாம். யாருக்கும் அது தோன்றவில்லை, தோன்றினாலும் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்ற பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை, அதையும் சொல்ல வேண்டும். மிசன் பள்ளிக்கூடத்தில் படிக்கப் போனால் வேதம் மாற வேண்டும் என்ற காலம் ஒன்று இருந்தது. அதற்கு எதிராகத்தான் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், பாலபாடமும் சைவ வினாவிடையும் எழுதினார். இன்றைய சைவநெறி நூலின் கேள்வி பதில் நடை அங்கேயிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். 1960, 61இல் அரசாங்கம் உதவி பெறும் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்றபோது, எந்தப் பிள்ளைக்கும் அதனதன் சமயம் கிடைக்கும் என்பது பெற்றோருக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆறுதலைப் பறிக்க நான் சொல்லவில்லை. மதமாற்றப் பயம் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்கும் இருக்கிறது. கடையில் நின்று கோயில் நிருவாகத்து ஐயாமார் கதைப்பதைக் கேட்கிறேன். ஆனால் பக்கத்து வீட்டின் சமயத்தை அறிந்தால் பிள்ளை மாறிவிடும் என்பது சரியல்ல. இதற்கு எங்கள் மண்ணிலேயே சாட்சி உண்டு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனையில் மெதடிஸ்த பள்ளிக்கூடத்திலும் மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். இயேசு சபைக் குருமாரிடம் படித்தவர்தான் பிறகு இராமகிருஷ்ண மிசன் துறவியாகி, சிவானந்த வித்தியாலயத்தை இங்கே உருவாக்கினார்.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பவர்களுக்காக: என் தங்கச்சி லண்டனில் இருக்கிறாள். இங்கிலாந்தில் அரசுப் பள்ளிக்கூடங்களில் சமயக் கல்வி உண்டு, பெற்றோர் விரும்பாவிட்டால் பிள்ளையை அந்த வகுப்பில் இருந்து எடுக்கலாம். அங்கே ஒரே வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இருந்து பல சமயங்களைப் படிக்கிறார்கள். தங்கச்சியின் மகளுக்கு ரம்ழான் நோன்பும் தெரியும், யூதர்களின் பஸ்காவும் தெரியும், சீக்கியரின் தலைப்பாகை ஏன் என்றும் தெரியும். ஆனால் தேவாரம் ஒன்றும் தெரியாது, சைவம் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது தீபாவளி விளக்கு ஒன்றை நிறம் தீட்டியதோடு முடிந்தது. என் மகளுக்கு ஒரு சமயம் ஆழமாகத் தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்து ஒரு பிள்ளையாக்கினால் நல்லது என்று தங்கச்சியும் நானும் போனில் கதைப்போம். இந்தியாவில் வேறு வழி. அரசமைப்பின் 28ஆம் உறுப்புரைப்படி, முழுக்க அரச பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, அரசாங்கம் தேவாரப் புத்தகம் தருகிறதா என்று ஆச்சரியப்பட்டுப் புரட்டிப் பார்த்தார்கள். அவர்களின் ஆச்சரியத்தில் கொஞ்சம் ஆசையும் இருந்தது.

எனக்கு வேண்டியது இதுதான். சமயம் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். பிள்ளை தன் சமயத்தைத் தன் புத்தகத்தில் படிக்கட்டும், தேவாரத்தைப் பண்ணோடு பாடட்டும். அதோடு ஒவ்வொரு தரத்திலும் நாலில் ஒரு பங்காவது எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும், அதை ஐந்து சமயப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்து, ஒரே புத்தகத்தில் படிக்க வேண்டும். அந்தந்தச் சமயத்தவரே தங்கள் பகுதியை எழுதட்டும். காத்தான்குடிப் பிள்ளை நோன்பைப் பற்றி எழுதியதை ஆரையம்பதிப் பிள்ளை வாசிக்கட்டும். இரண்டு ஊரும் ஒட்டிக் கிடக்கின்றன. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒருவர் புத்தகத்தை மற்றவர் தொட்டதில்லை. அப்புறம், சோதனை. ஓ.எல். பெறுபேற்றில் இருந்து சமயத்தை எடுத்துவிட வேண்டும். பாடவேளையும் ஆசிரியரும் புத்தகமும் இருக்கட்டும், ஏ, பி, சி வேண்டாம். சோதனை இல்லாவிட்டால் பிள்ளை படிக்காது என்று சொல்கிறார்கள். ‘மாசில் வீணையும்’ பக்கத்தில் ஆச்சரியக் குறி போட்ட பிள்ளை புள்ளிக்காக அதைப் போடவில்லை.

இப்போது நூலை வைத்திருக்கும் பெற்றோருக்கு. சைவநெறி 10, 11 இரண்டையும் பிள்ளையோடு நீங்களும் வாசியுங்கள், வாசிக்கத் தகுந்த நூல்கள். தேவாரப் பகுதிகளுக்கும் தலங்களுக்கும் முழு மதிப்பும் கொடுப்பேன். சித்தாந்தப் பகுதியைப் பிள்ளை தனியே படிக்க விட வேண்டாம். வீட்டில் தெரிந்த பெரியவர் இருந்தால் ஒரு பின்னேரம் இருத்திக் கேளுங்கள், வரைவிலக்கணம் கதையாக மாறும். நாயன்மார் பகுதியில் பிள்ளை ஏன் என்று கேட்டால் தட்டிக் கழிக்காமல் பதில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். ரியூசன் நோட்ஸ் கடைசிக் கிழமைக்குப் போதும், அதற்கு முன்னால் வேண்டாம். இதை நோட்ஸ் கொப்பியடித்து வருமானம் பார்க்கும் நான்தான் சொல்கிறேன்.

மற்றச் சமய நூல்களைத் தேடுபவர்கள் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்மொழி மூலம், தரம் என்று தெரிவு செய்தால் சமய நூல்கள் வரிசையாக வரும். பாடங்களின் ஒழுங்கு பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் பொருளடக்கத்தைப் பாருங்கள். கோணேச்சரம் வரும் பாடத்தையும் யோசேவ் வாஸ் அடிகளார் வரும் பாடத்தையும் ஒரே கிழமையில் வாசிக்கக் கொடுப்பது நல்லது, எது முதல் என்பது முக்கியமில்லை. போன் திரையில் வாசித்தால் பிள்ளைகள் பாதியில் வேறு எங்கோ போய்விடுவார்கள். இரண்டு பக்கமும் அடித்து ஸ்டேபிள் பண்ணினால் செலவும் குறைவு, மேசையிலும் கிடக்கும்.